ஆவுடையம்மா திறக்காத பெட்டி

படுத்தாச்சா? போர்வையை இழுத்துக்கோ. காலைத் தூக்கி அத்தை மேல போடாதே, கனக்குது. கதை வேணும்னா நடுநடுவுல ‘ம்’ சொல்லணும். சொல்லலேன்னா நீ தூங்கிட்டேன்னு நினைச்சு அத்தையும் தூங்கிருவேன். அப்புறம் மிச்சக் கதை யாருக்கும் தெரியாமப் போயிரும்.

ஒரே ஒரு ஊர்ல, பஸ்காரன் நிறுத்தாமலே போற அளவுக்குச் சின்ன ஊர்ல, ஒரு ஆசாரி இருந்தாராம். பேரு கொம்பையா. ஒல்லியா, உசரமா இருப்பார். உளி மாதிரி மூக்கு. ஆனா மீசை மட்டும் ரெண்டு ஆள் சாப்பாட்டைத் தனியாச் சாப்பிட்டு வளர்ந்த மாதிரி இருக்கும்.

கதவு செய்வார், கட்டில் செய்வார், கலப்பை செய்வார். அதெல்லாம் வயித்துக்கு. மனசுக்குன்னு அவர் செய்யறது ஒண்ணே ஒண்ணுதான். வித்தைப் பெட்டி.

வித்தைப் பெட்டின்னா என்ன தெரியுமா? பார்த்தா சும்மா ஒரு மரப்பெட்டி. ஆனா அதுல பூட்டு கிடையாது, சாவி கிடையாது, ஆணி ஒண்ணுகூடக் கிடையாது. மூடி எது, அடி எதுன்னே தெரியாது. ஒரு ஓரத்துல பலகையை ஒரு நெல்லு அளவுக்குத் தள்ளணும். தள்ளினா, பக்கத்துப் பலகை கொஞ்சம் கீழே இறங்கும். இறங்கினா, அப்புறம் பெட்டியைக் கவுக்கணும். கவுத்தா, உள்ளே ஒளிஞ்சிருக்கற குச்சி ‘டொக்’குனு விழும். அப்பத்தான் மூடி நகரும். ஒண்ணு முன்னே பின்னே ஆயிருச்சுன்னா, நீ தலைகீழா நின்னாலும் திறக்காது.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கறதுக்கு எங்கெங்கே இருந்தோ ஆளுங்க வந்தாங்களாம். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திறக்கல. போஸ்ட்மேன் பல்லால கடிச்சுப் பார்த்தார். பெட்டி திறக்கல, பல்லுதான் ஆடிப்போச்சு. அப்புறம் ஒரு பயில்வான் வந்தார். பெட்டியை ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு ‘ம்ம்ம்ம்...’னு முக்கினார். பெட்டி அப்படியே இருந்துச்சு. அவர் வேட்டிதான் ‘டர்ர்ர்’ருனு கிழிஞ்சுது.

சிரிக்காதே, தூக்கம் ஓடிரும்.

ஊர்ல யாராலயும் திறக்க முடியாத பெட்டியை ஒரே ஒரு ஆளு மட்டும் திறந்துருவாங்களாம். யாரு? கொம்பையாவோட சம்சாரம், ஆவுடையம்மா.

ஆவுடையம்மா குட்டையா, குண்டா இருப்பா. எப்பப் பாரு கையில ஒரு வேலை இருக்கும். கொம்பையா ஒரு பெட்டியைச் செஞ்சு முடிச்சா, முதல்ல பெண்டாட்டிகிட்டதான் கொண்டு வருவார். உள்ளே ஒரு துண்டு கருப்பட்டியைப் போட்டு மூடி, அவ மடியில வைப்பார். வெச்சுட்டு எதிர்ல சம்மணம் போட்டு உட்கார்ந்துக்குவார். கண் கொட்டாமப் பார்ப்பார்.

ஒரு நாள் பூவரசு மரத்துல ஒரு பெட்டி செஞ்சாராம். மூணு பூட்டு வெச்சது. பூட்டுன்னா இரும்புப் பூட்டு இல்லே, எல்லாம் மரத்துக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கற சூட்சுமம். அப்போ ஆவுடையம்மா உலை வெச்சிருந்தா.

“திற பார்ப்போம்”னார்.

“அரிசி போடணுங்க.”

“திறந்துட்டுப் போடு.”

அவ ஒரு கையில அரிசி வெச்ச ஓலைக் கொட்டானைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பெட்டியைத் தடவினா. இங்கே தடவினா, அங்கே தடவினா. ‘கிரீச்’. அப்புறம் ‘டொக்’. அப்புறம் ‘படக்’. திறந்துருச்சு! உலை இன்னும் கொதிக்கவே இல்லையாம். அவ கருப்பட்டியை எடுத்து வாயில போட்டுக்கிட்டு, “நல்லா இருக்கு”ன்னா.

“பெட்டியா, கருப்பட்டியா?”

“கருப்பட்டி.”

கொம்பையா அன்னிக்கு மத்தியானம் சோறே திங்கலையாம்.

ம் சொல்லு. ஆங்.

அப்புறம் ஒரு மாசம் கழிச்சு, பலா மரத்துல ரெண்டாவது பெட்டி. மஞ்ச மஞ்சேள்னு மின்னுச்சாம். இதுல அஞ்சு சூட்சுமம். அதோட ஒரு ஏமாத்து வேலையும் பண்ணியிருந்தார். முன்னாடி இருக்கற பலகை சுலபமா நகரும். நகர்ந்தா எல்லாரும் ‘ஆகா, திறந்துருச்சு’ன்னு நினைப்பாங்க. ஆனா அந்தப் பலகை நகர்ந்தா, மத்ததெல்லாம் இறுகிக்கும்!

அப்போ ஆவுடையம்மா முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. பெட்டியைத் தூக்கி மடியில வெச்சா. கை நேரா அந்த ஏமாத்துப் பலகைக்குப் போச்சு. கொம்பையா சந்தோஷமா மீசையை முறுக்கினார். அவ ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தா. கையை எடுத்துட்டா. வேற பக்கம் போயிட்டா. ‘கிரீச்’, ‘சரக்’, ‘டொக்’, ‘டொக்’, ‘படக்’!

“எப்படித் திறந்தே?”ன்னு கத்தினார்.

“கைக்கு வந்துச்சு, திறந்தேன். தள்ளி உட்காருங்க, கீரை மேல உட்கார்ந்திருக்கீங்க.”

கொம்பையாவுக்கு மூக்கு நுனி சிவந்துபோச்சு. விடுவிடுன்னு கிணத்தடிக்குப் போனார். கிணத்துக்குள்ள தலையை விட்டு ‘ஆ...’ன்னு கத்தினார். கிணறும் திருப்பி ‘ஆ...’ன்னுச்சு. “நீயுமாடா?”ன்னு அதையும் திட்டிட்டு வந்தாராம்.

அன்னிக்கே முடிவு பண்ணினார். ஆவுடை திறக்க முடியாத பெட்டி ஒண்ணு செஞ்சே தீரணும். இல்லேன்னா இந்த மீசை எதுக்கு?

அப்புறம் அவருக்கு வேற நினைப்பே இல்லே. சாப்பிடும்போதும் அதே யோசனை, குளிக்கும்போதும் அதே யோசனை. உள்ளே குச்சி எப்படி விழும், எப்படி ஏறும்னு பார்க்கணும் இல்லையா? நல்ல மரத்துல சோதனை பண்ணினா வீணாப் போயிருமே. அதனால அடுக்களையில இருந்து காய்கறியை எடுத்துக்கிட்டுப் போவார். முள்ளங்கியில துளை போடுவார். கேரட்டுல குச்சி செதுக்குவார். சேனைக்கிழங்கைச் சதுரமா அறுத்துப் பெட்டி பண்ணுவார். வேலை முடிஞ்சதும் சத்தமில்லாமக் கொண்டாந்து கூடையிலேயே போட்டுருவார்.

ஒரு நாள் மகளுக்குச் சோறு போட்டா ஆவுடையம்மா. மக பேரு தங்கப்பழம். அவ சாம்பாரைக் கிளறினா, கேரட்டு ஒண்ணுல நாலு பக்கமும் ஓட்டை. ஓட்டைக்குள்ள முள்ளங்கிக் குச்சி. குச்சியைத் தள்ளினா, அது அந்தப் பக்கமா வெளியே வருது.

“அம்மா, கேரட்டு திறக்குதும்மா!”ன்னு கத்தினாளாம்.

ம்? ஆமா, அப்புறம் அதைத் தின்னுட்டா. கேரட்டுதானே.

ரெண்டு மாசம் ஆச்சு. வேங்கை மரத்துல உடம்பு, ஈட்டி மரத்துல ஓரம், தேன்மெழுகு தேய்ச்சுத் தேய்ச்சுப் பளபளன்னு மூணாவது பெட்டி தயாராச்சு. இதுல ஏழு சூட்சுமம்! தினமும் குச்சியை இடம் மாத்தி இடம் மாத்தி வெச்சதுல, கடைசியில அவருக்கே குழம்பிப்போச்சு. எது முதல்ல, எது அப்புறம்? அதனால பட்டறைச் சுவத்துல காவிக் கட்டியால ஏழு வரி எழுதி வெச்சார். அவருக்கு மட்டும் புரியற மாதிரி, கோடும் புள்ளியுமா.

அந்த நேரம் பார்த்து தங்கப்பழத்துக்குக் கல்யாணம் நிச்சயம் ஆச்சாம். மாப்பிள்ளை நல்ல பையன். ஆனா மாப்பிள்ளையோட அப்பா இருக்காரே, பட்டமுத்து ஆசாரி, அவருக்கு மூக்கு மேல கோபம். ஒரு கல்யாணத்துல அப்பளம் நமத்துப்போயிருந்துச்சுன்னு இலையை மூடிட்டு எழுந்து போனவராம்! அப்படிப்பட்ட ஆளு.

பெட்டி முடிஞ்ச அன்னிக்கே கொம்பையா பத்திரிகை வைக்கச் சொந்தக்காரங்க ஊருக்கெல்லாம் கிளம்ப வேண்டியிருந்துச்சு. பெட்டியை ஆவுடையம்மா கையில குடுத்தார்.

“நான் வர்றதுக்குள்ள திறந்து வை.”

“கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்குங்க.”

“முடியாதுன்னு சொல்லு, விட்டுடறேன்.”

அவ வாங்கி வெச்சுக்கிட்டா.

மூணு நாள் கழிச்சு வந்தார். செருப்பைக்கூடக் கழட்டாம, “என்ன ஆச்சு?”ன்னார். ஆவுடையம்மா பெட்டியை நீட்டினா. மூடினது மூடினபடியே இருந்துச்சு. குலுக்கிப் பார்த்தார். கருப்பட்டி உள்ளே ‘லொட லொட’ன்னுச்சு.

“முடியலைங்க. எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்துட்டேன்.”

அவ்வளவுதான்! கொம்பையா குதிச்சார் பாரு ஒரு குதி, தலை உத்திரத்துல ‘ணங்’குனு இடிச்சுது. வலிக்கவே இல்லையாம். தெருவுல ஓடினார். ஹெட்மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டி, “ஆவுடை திறக்கலே!”ன்னார். போஸ்ட்மேனை சைக்கிள்ல இருந்து இறக்கி, “ஆவுடை திறக்கலே!”ன்னார். எதிர்ல வந்த எருமைமாட்டுக்கிட்டயும் சொன்னார். அது ‘ம்மே’ன்னுச்சு.

நீயும் ம் சொல்லு.

மறுநாள் தட்டான் வீட்டுல இருந்து தாலி வந்துச்சாம். அவங்க வழக்கத்துல பொண்ணு வீட்டுலதான் தாலி செய்யணுமாம். மஞ்சள் கயித்துல கோத்து, பட்டுத் துணியில சுத்தி வெச்சிருந்தாங்க. கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. எங்கே வைக்கறது?

ஆவுடையம்மா, “அரிசிப் பானைக்குள்ள வெச்சிருவோம்”னா.

“அரிசிப் பானையா? உலகத்துலயே பத்திரமான இடம் நம்ம வீட்டுல இருக்கும்போது அரிசிப் பானையா?”

“வேண்டாங்க. அது விளையாட்டுச் சாமான்.”

விளையாட்டுச் சாமான்னு சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துருச்சு. பட்டறைக்குள்ள போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். சுவத்துல இருந்த ஏழு வரியையும் பார்த்துப் பார்த்துப் பெட்டியைத் திறந்தார். கருப்பட்டியை எடுத்துத் தன் வாயில போட்டுக்கிட்டார். பட்டுத் துணியைப் பிரிச்சுத் தாலியை மட்டும் உள்ளே வெச்சார். ‘படக்’, ‘கிரீச்’, ‘சரக்’, ‘டொக்’, ‘டொக்’, ‘சரக்’, ‘கிரீச்’. மூடிட்டார். மூடிட்டு, நெஞ்சை நிமித்திக்கிட்டுப் பந்தலுக்கு மூங்கில் வெட்டக் கிளம்பிப் போயிட்டார்.

அப்போ என்ன ஆச்சு தெரியுமா? கல்யாண வீடாச்சே, வெள்ளையடிக்கணும்ல? ஆளுங்க வந்தாங்க. சுண்ணாம்பைக் கரைச்சாங்க. திண்ணை, தாழ்வாரம், அடுக்களை, எல்லாம் அடிச்சு முடிச்சும் சுண்ணாம்பு கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. “இந்தப் பட்டறையையும் அடிச்சிருங்கப்பா”ன்னா ஆவுடையம்மா. ‘சொய்ங் சொய்ங்’. அடிச்சுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் அந்தப் பட்டறையில தேங்காயும் வாழை இலையும் கொண்டாந்து அடுக்கிட்டாங்க. கொம்பையா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல.

கல்யாண நாள் வந்துச்சு. வீட்டு வாசல்லயே பந்தல். காலையில ஒன்பதுல இருந்து பத்துக்குள்ள முகூர்த்தம். நாயனம் ‘பீ... பீ...’ன்னு ஊதுது. தவில் ‘தொம் தொம்’முங்குது. கொல்லையில சாம்பார் ‘தளபுள தளபுள’ன்னு கொதிக்குது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உட்கார்ந்தாச்சு. பட்டமுத்து ஆசாரி முதல் வரிசையில உட்கார்ந்து எது நமத்துப்போயிருக்குன்னு பார்த்துக்கிட்டு இருக்கார்.

அப்போ புரோகிதர், “பொண்ணுக்கு அப்பா, தாலியை எடுத்துட்டு வாங்கோ, தட்டுல வைக்கணும்”னார்.

கொம்பையா மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கிட்டு உள்ளே போனார். பெட்டியை எடுத்துக்கிட்டுப் பட்டறைக்குள்ள நுழைஞ்சார். தேங்காய்க் குவியலைத் தாண்டிப் போனார். சுவத்தைப் பார்த்தார்.

சுவர் பால் மாதிரி வெள்ளை வெளேர்னு இருந்துச்சு.

சுவத்தைக் கையால தேய்ச்சார். கைதான் வெள்ளையாச்சு. நகத்தால சுரண்டினார். சுண்ணாம்போட சேர்ந்து காவியும் உதிர்ந்துபோச்சு. சரி, நாம செஞ்சதுதானே, ஞாபகம் இருக்கும்னு பெட்டியைக் கையில எடுத்தார். முதல் பலகையைத் தள்ளினார். ‘கிரீச்’. ரெண்டாவதை இறக்கினார். ‘சரக்’. மூணாவது... மூணாவது... ஐயோ, மூணாவது என்ன? இப்படிச் சாய்ச்சார், ‘டொக்’. முதல் பலகை தானா மூடிக்கிச்சு. திரும்பப் பண்ணினார். திரும்ப மூடிக்கிச்சு. உள்ளே தாலி மட்டும் ‘கிணுக் கிணுக்’குன்னுச்சு.

வெளியே சொன்னா மானம் போயிரும். ஊரு பூரா ‘ஆவுடை திறக்கலே’ன்னு சொல்லிட்டு வந்தாச்சே. பெட்டியைத் துண்டுக்குள்ள மறைச்சுக்கிட்டுக் கொல்லைப் பக்கமா ஓடினார்.

அங்கே சமையல்காரர் நெல்லையப்பன் பெரிய கரண்டியோட நின்னுக்கிட்டு இருந்தார். அவர்கிட்ட, “அண்ணாச்சி, இறுகிப்போன மூடியை எப்படித் திறப்பீங்க?”ன்னு மெதுவாக் கேட்டார்.

“ஆவி காட்டணும் ஆசாரி. ஆவி பட்டா எதுவும் இளகிரும்.”

கொம்பையா சாம்பார் அண்டாவுக்கு மேல பெட்டியைப் பிடிச்சார். ஆவி ‘புஸ்ஸு’ன்னு வந்துச்சு. பிடிச்சார், பிடிச்சார், கை சுட்டுது. ‘ஸ்ஸ்ஸ்’ன்னார். ‘தொபுக்’! பெட்டி சாம்பாருக்குள்ள போயிருச்சு!

“அடப்பாவி மனுஷா, இருநூறு பேரு சாப்பாடுய்யா!”ன்னு நெல்லையப்பன் கரண்டியை விட்டுத் துழாவினார். ஒரு கத்தரிக்காய் வந்துச்சு. இன்னொரு கத்தரிக்காய் வந்துச்சு. மூணாவதா பெட்டி வந்துச்சு, மேல கறிவேப்பிலை ஒட்டிக்கிட்டு. திறந்துச்சா? எங்கே? பெருங்காய வாசனைதான் வந்துச்சு.

துண்டால துடைச்சுக்கிட்டுப் பந்தல் பக்கமா வந்தார். அங்கே தவில்காரர் குழந்தைவேலு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தார். அவர் காதுல ரகசியமாச் சொன்னார். குழந்தைவேலு கெட்டிக்காரர். “தட்டிப் பார்த்தாத் தெரிஞ்சிரும்யா. எங்கே காலியா இருக்கோ அங்கே சத்தம் மாறும். குடுங்க”ன்னார். பெட்டியை மடியில வெச்சார். விரலால தட்டினார்.

‘டொக் டொக்’. காதை வெச்சுக் கேட்டார். ‘டொக் டொக் டிக்’. “ஆகா!”ன்னார். “நாதம் நல்லா வருதே!” ‘டொக்கு டிக்கு டொக்கு டிக்கு.’ அவ்வளவுதான், கை நிக்கல! ‘தகிட தகிட தரிகிட தோம்!’ தலையை ஆட்டுறார், கண்ணை மூடுறார். இதைக் கேட்ட நாயனக்காரர் அங்கேயிருந்தே சேர்ந்து ஊத ஆரம்பிச்சுட்டார். கூட்டம் கூடிருச்சு. எல்லாரும் தாளம் போடறாங்க. கொம்பையா, “போதும்யா, போதும்யா”ங்கறார், யாருக்குக் கேட்குது?

பட்டமுத்து ஆசாரி எழுந்து வந்தார். கொம்பையா ரெண்டடி பின்னால போனார்.

“என்ன சம்பந்தி இது?”

“இது... இது ஒரு வாத்தியம் சம்பந்தி.”

“பிரமாதமா இருக்கே! இன்னொண்ணு வாசிக்கச் சொல்லுங்க.”

இன்னொண்ணு வாசிச்சு முடிக்கறதுக்குள்ள பத்து நிமிஷம் போச்சு. பெட்டி திறந்துச்சா? இல்லே. ‘முகூர்த்தம் போறது, தாலி எங்கே?’ன்னு புரோகிதர் குரல் குடுக்கறார்.

ம் சொல்லு கண்ணு. தூங்கிட்டியா? ம். சரி.

அப்போ கொம்பையா பெட்டியை வாங்கிக்கிட்டுப் பட்டறைக்கே திரும்பப் போனார். வேற வழியில்லே. மேல மாட்டியிருந்த கோடாலியை எடுத்தார். பெட்டியைத் தரையில வெச்சார். ஓங்கினார்.

ஓங்கினதும், அந்த மூலைப் பொருத்தம் கண்ணுல பட்டுச்சு. முடி நுழையாத பொருத்தம். அதுக்கு மட்டும் ஒன்பது நாள் இழைச்சார். கை இறங்கல.

ரெண்டாவது தடவை ஓங்கினார். உள்ளே ‘கிணுக்’குன்னுச்சு. தாலி! கோடாலி பட்டு அது நசுங்கிருச்சுன்னா? எம் பொண்ணு கழுத்துல ஏறப்போற தாலியை என் கையாலயே நசுக்குவேனா? கை இறங்கல.

மூணாவது தடவை கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஓங்கினார். கதவு ‘கிறீச்’னு திறந்துச்சு.

ஆவுடையம்மா நின்னா. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, இடுப்புல கை. அவரைப் பார்த்தா. கோடாலியைப் பார்த்தா. பெட்டியைப் பார்த்தா.

“மறந்துபோச்சா?”ன்னா.

கொம்பையா கோடாலியைக் கீழே போட்டுட்டு ஒரு தேங்காய் மேல உட்கார்ந்துட்டார். மீசை ரெண்டும் தொங்கிப்போச்சு. “சுவத்துல எழுதி வெச்சிருந்தேன் ஆவுடை. வெள்ளையடிச்சுட்டாங்க. ஒண்ணும் ஞாபகம் வரலே. நீ அரிசிப் பானைன்னு சொன்னே, நான் கேட்கல. புள்ளை மணவறையில உட்கார்ந்திருக்கா...”

ஆவுடையம்மா திட்டுவான்னு நினைச்சார். அவ திட்டல. கதவைத் தாழ்ப்பாள் போட்டா. பட்டுப்புடவை அழுக்காகுமேன்னுகூடப் பார்க்காம தரையில உட்கார்ந்தா. பெட்டியை மடியில எடுத்து வெச்சுக்கிட்டா.

“எதிர்ல வந்து உட்காருங்க.”

“நீதான் மூணு நாள் பார்த்தியே, திறக்க முடியலையே.”

“உட்காருங்கன்னா உட்காருங்க. வாயைத் திறக்காதீங்க. பெட்டியை மட்டும் பாருங்க.”

உட்கார்ந்தார். அவ விரலைப் பெட்டியோட வலது பக்கம் வெச்சா. பேசாம அவரையே பார்த்தா. இடது பக்கம் வெச்சா. அவரையே பார்த்தா. அடியில வெச்சா. உடனே ‘கிரீச்’னு தள்ளிட்டா! அப்புறம் பக்கவாட்டுல தடவிக்கிட்டே போனா. ஒரு இடத்துல நின்னா. ‘சரக்’. அப்புறம் பெட்டியைச் சாய்ச்சா, இப்படிச் சாய்ச்சா, அப்படிச் சாய்ச்சா. ‘டொக்’! மூணாவது!

“அதான்! அதேதான் மூணாவது! எனக்கே தெரியலே, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“உங்க மூஞ்சி சொல்லுது.”

“என்னது?”

“கை சரியான இடத்துக்குப் போனா உங்க இடது புருவம் மேல ஏறுது. ரொம்பக் கிட்டப் போனா வாய் ‘ஆ’ன்னு திறந்துக்குது. தப்பான இடத்துக்குப் போனா மீசையை முறுக்குவீங்க. பூவரசம் பெட்டி, பலாப் பெட்டி, எல்லாத்தையும் அப்படித்தான் திறந்தேன். நான் எங்கே பெட்டியைப் பார்த்தேன்? உங்களைத்தான் பார்த்தேன்.”

கொம்பையாவுக்கு வாய் ‘ஆ’ன்னு திறந்துக்கிச்சு.

“அப்ப இந்தப் பெட்டியை ஏன் திறக்கல?”

“நீங்கதான் ஊர்லயே இல்லையே!”

“இப்ப எனக்கே மறந்துபோச்சேடி.”

“மண்டைக்குத்தானே மறந்துச்சு. மூஞ்சிக்கு ஞாபகம் இருக்குல்ல? பேசாம இருங்க, புருவத்தை ஆட்டாதீங்க, குழம்புது.”

அப்புறம் நாலாவது, ‘டொக்’. அஞ்சாவது, ‘சரக்’. ஆறாவது, ‘கிரீச்’. வெளியே புரோகிதர், “இன்னும் அஞ்சு நிமிஷந்தான்!”ங்கறார். பட்டமுத்து ஆசாரி செருமறார். ஏழாவது வரலே. மேல தடவினா, கீழே தடவினா. புருவம் ஏறல, வாயும் திறக்கல. சும்மா தரையில வெச்சா. வெச்சதும் அவர் முகத்தைப் பார்த்தா. கண்ணு முழி ரெண்டும் வட்டமாச் சுத்துது! அவருக்கே தெரியாமச் சுத்துது!

“சுத்தணுமா?”ன்னா.

பெட்டியைத் தரையில வெச்சுப் பம்பரம் மாதிரி ஒரு சுத்து விட்டா. ‘விர்ர்ர்ர்’. உள்ளே ரெண்டு குச்சியும் ரெண்டு பக்கமா ஒதுங்கி ‘டக் டக்’குன்னுச்சு. நின்னுச்சு. மூடி ‘படக்’!

தாலியை எடுத்துக்கிட்டு ஓடினாங்க பாரு ரெண்டு பேரும்! தேங்காயெல்லாம் உருண்டுச்சு. குழந்தைவேலு கெட்டிமேளம் கொட்டினார், ‘டும் டும் டும் டும்’. மாப்பிள்ளை தாலி கட்டினார். எல்லாரும் அட்சதை போட்டாங்க. பட்டமுத்து ஆசாரி மட்டும் மூக்கை உறிஞ்சினார்.

“சம்பந்தி, தாலியில பெருங்காய வாசனை வருதே?”

கொம்பையா திருதிருன்னு முழிச்சார். ஆவுடையம்மா சட்டுனு, “பசி வந்துட்டா எல்லாத்துலயும் அந்த வாசனைதான் வரும் அண்ணாச்சி. வாங்க, பந்தி போட்டாச்சு”ன்னா. தங்கப்பழம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாளாம். பொண்ணு அழறா போலன்னு எல்லாரும் நினைச்சாங்க. பந்தியில அப்பளம் நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு. பட்டமுத்து ஆசாரி நாலு வாங்கித் தின்னார்.

அப்புறம் பொண்ணும் மாப்பிள்ளையும் அவங்க ஊருக்குப் போனாங்க. வந்தவங்க எல்லாரும் போனாங்க. வீடு வெறிச்சுன்னு இருந்துச்சு. அப்போ ஆவுடையம்மா அந்த வேங்கைப் பெட்டியையும் ஒரு சின்ன உளியையும் எடுத்துக்கிட்டுப் பட்டறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாளாம். அவளும் ஆசாரி வீட்டுப் பொண்ணுதானே. ரெண்டு நாள் உள்ளே இருந்து ‘டொக் டொக்’, ‘சரக் சரக்’னு சத்தம். மூணாம் நாள் வெளியே வந்தா. பெட்டியைக் கொம்பையா மடியில வெச்சா. எதிர்ல சம்மணம் போட்டு உட்கார்ந்தா.

“குச்சியெல்லாம் இடம் மாத்தியிருக்கேன். திறங்க பார்ப்போம்.”

“உள்ளே என்ன இருக்கு?”

“உங்க மூக்குப்பொடி டப்பா.”

அய்யய்யோ! பொடி போடலேன்னா அவருக்குப் பொழுதே போகாதே! பெட்டியைத் தடவினார். அவ மூஞ்சியைப் பார்த்தார். ஒண்ணும் தெரியல. வலது பக்கம் கை வெச்சார், மூஞ்சியைப் பார்த்தார். இடது பக்கம் வெச்சார், பார்த்தார். அவ அசையவே இல்லை, கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா. காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் பார்த்தார். கல்யாணம் ஆகி இருபது வருஷத்துல அவர் அவளை இவ்வளவு நேரம் சேர்ந்தாப்ல பார்த்ததே இல்லையாம்.

“ஏ ஆவுடை, உனக்குக் காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கே, இது எப்போ வந்துச்சு?”

“பொறந்தப்பவே வந்துச்சு.”

“நல்லா இருக்கே!”

உடனே ஆவுடையம்மாவுக்கு உதடு துடிச்சுது. கன்னம் ரெண்டும் சிவந்துபோச்சு.

“அசைஞ்சுது! மூஞ்சி அசைஞ்சுது!”ன்னு கத்திக்கிட்டு, கை இருந்த இடத்துல பலகையை ஒரே அமுக்கா அமுக்கினார் கொம்பையா. பெட்டி திறக்கல.

“அது பெட்டிக்காக அசையல, போங்க”ன்னு அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

“திருப்பாதே, திருப்பாதே, இன்னும் பார்த்து முடிக்கல”ன்னாராம் கொம்பையா. பொடி நினைப்பே அவருக்குப் போயிருச்சு. இன்னும் அப்படியே எதிரும் புதிருமா உட்கார்ந்திருக்காங்களாம், பெட்டி திறக்கவும் இல்லையாம், அவர் விடவும் இல்லையாம்.

ம்? ம் வரலையே?

சரி, கதையைச் சாத்தியாச்சு. நீயும் கண்ணைச் சாத்திக்கோ, தூங்கு.